பகலில் ஏறிய கோடு

அந்தக் கட்டடத்தில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செட் செய்கிற அக்கா, பல்லக்கா. புதிதாகக் குடிவந்தவர்கள் பல்லக்கு என்று காதில் வாங்கிக்கொண்டு விழிப்பார்கள். "ஆமாங்க, தூக்க ஆள் இல்லாத பல்லக்கு" என்று அவளே சொல்லிவிட்டுப் படியேறிப் போவாள்.

இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடைக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. அங்கேதான் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்த அச்சுகளை அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் உரித்து எடுத்தால் யாரோ ஒருவருடைய வாய் வெள்ளையாக மேஜைமேல் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் மெழுகு வைத்து ஒவ்வொரு பல்லாக நடுவாள். அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்களில் ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை. ஆனால் மிச்சமிருக்கும் பற்கள் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் இவர் ஒரு பக்கமாகவே மெல்கிறவர், இவர் தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறவர், இவர் எதையோ பல்லில் கவ்விக்கொண்டு யோசிக்கிறவர் என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆளைப் பார்க்காமலே ஆளைத் தெரிந்துகொள்வது கிட்டத்தட்டத் திருட்டு மாதிரி என்று அவளுக்குள் ஓர் எண்ணம்.

அதனால்தான் ஸ்மார்ட் மீட்டர் மாட்ட ஆள் வந்தபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த மீட்டர்க்காரர் பையைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மாடியில உங்க வீடும் எதிர் வீடும்தாம்மா பாக்கி. என்னை எத்தனை தடவ ஏறி இறங்க வைப்பீங்க?"

"இது என்ன பண்ணும்னு சொல்லுங்க."

"கரண்ட் எவ்வளவு ஓடுதுன்னு அதுவே ஆபீசுக்குச் சொல்லிடும். ரீடிங் எடுக்க யாரும் வர வேணாம். நீங்களும் போன்ல பார்த்துக்கலாம். எப்ப எவ்வளவு ஓடுதுன்னு கோடா வரும்."

"அப்படின்னா நான் எப்ப எந்திரிக்கிறேன், எப்ப லைட்டை அணைக்கிறேன்னு எல்லாம் தெரியும்."

"அதை யாரும்மா உக்காந்து பார்க்கப் போறாங்க? அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை."

"பார்ப்பாங்களான்னு கேக்கல. பார்க்க முடியுமான்னு கேக்கறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "முடியும்தான்" என்றார். "ஒரு மாசம் வச்சுப் பாருங்க. புடிக்கலைன்னா சொல்லுங்க. பழசையே திரும்ப மாட்டிட்டுப் போறேன். ரூல்ல அதுக்கு இடம் இருக்கு."

யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தாள். அன்று சாயங்காலம் எதிர் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். வங்கியில் கேஷியர். சட்டையின் மேல் பட்டனை எந்நேரமும் போட்டிருப்பவர். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரே பையன், கப்பலில் வேலை. நான்கு வருஷமாகப் படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் கேஷியர் அந்தக் கப்பலை எந்தத் துறைமுகத்துக்காவது கொண்டுபோய் நிறுத்தாமல் விடமாட்டார். மற்றபடி அவர் யார் வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்ததில்லை.

"மீட்டர் விஷயமா என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்றார்.

"இன்னும் பண்ணல சார்."

"நீங்க வேணாம்னா நானும் வேணாம்னு சொல்லிடலாம்னு பார்த்தேன். ரெண்டு வீடா நின்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

சிக்கனக்காரர், ஏதோ பயப்படுகிறார் என்று அவள் நினைத்தாள். அவருக்குத் தைரியம் சொல்கிற மாதிரி, "ஒரு மாசம் பார்ப்போமே சார், என்ன ஆயிடப் போகுது?" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தானும் அதைத்தான் செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. கேஷியரின் முகம் தொங்கிவிட்டது. "தனியா நின்னா நல்லாருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மீட்டரும் மாடிப்படிக்கு மேலே ஒரே பெட்டிக்குள் இருந்தன. மீட்டர்க்காரர் இரண்டையும் ஒன்றாகக் கழற்றி, இரண்டையும் ஒன்றாக மாட்டினார். அந்த நேரம் முழுக்க டீச்சர் தன் வீட்டுக் கதவைக் கையகலத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த இடைவெளியை உடம்பால் அடைத்து நின்றாள். பியூஸைப் பிடுங்கியதும் அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"காத்து" என்றாள் டீச்சர்.

காற்றுக்கு நாற்காலி இழுக்கிற அளவுக்கு அன்று தெம்பு இருந்ததாகப் பல்லக்காவுக்கு ஞாபகம் இல்லை. இருந்தாலும் தலையாட்டினாள்.

போனில் கோடு வருவதற்கான ஏற்பாட்டை வேலை செய்யும் இடத்தில் பாலிஷ் போடுகிற பெரியவர் செய்து கொடுத்தார். ஓய்வுபெறும் வயதைத் தாண்டியும் விடாமல் வந்துகொண்டிருக்கிறவர். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பேசுவதால் அவர் எப்போது கேலி செய்கிறார், எப்போது இல்லை என்று சொல்ல முடியாது. "இந்தா பாரு, உன் வீடு" என்று போனை நீட்டினார்.

அவளுக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரே சீராகச் சின்னச் சின்னதாக ஏறி இறங்குவது பிரிட்ஜ், பால்பற்கள் மாதிரி. காலையில் பெரிதாக ஒன்றிரண்டு, கடைவாய்ப் பற்கள் மாதிரி. அவள் எதிர்பார்த்ததைவிட உயரமாகத்தான் இருந்தன. புது மீட்டர் கூட்டித்தான் காட்டும் என்று கட்டடம் முழுக்கச் சொன்னார்களே, அதுவாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த நாள் மதியம் கையைக் கழுவிவிட்டுப் போனைப் பார்த்தபோது, பால்பல் வரிசைக்கு நடுவே தனியாக ஒரு கோரைப்பல் நின்றது. குறுகலாக, உயரமாக. அதற்குப் பிறகு கோடு பழைய இடத்துக்கு இறங்கவில்லை. விசிறி ஓடுகிற உயரத்தில் சாயங்காலம் வரை நீண்டு கிடந்தது.

"கெட்டில் போட்டா இப்படித்தான் சட்டுனு ஏறும்" என்றார் பெரியவர் எட்டிப் பார்த்து. "வீட்ல யாரு?"

"யாரும் இல்ல."

"அப்ப ஆவிதான். கெட்டில்ல ஆவி வராம வேற என்ன வரும்?"

அவள் சிரித்துவிட்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் சிரிப்பு போய்விட்டது. பூட்டு சரியாக இருந்தது. கெட்டிலைத் தொட்டாள், குளிர்ந்திருந்தது. விசிறி அசையாமல் நின்றது. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பீரோவைத் திறந்து பார்த்தாள். குளியலறைக் கதவைக் காலால் தள்ளிவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே நின்ற பிறகுதான் உள்ளே போனாள். வீட்டில் எதுவும் கலையவில்லை. கலையாமல் இருந்ததுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

மறுநாளும் அதே மாதிரி. அதற்கடுத்த நாளும். கோரைப்பல் கொஞ்சம் முன்னே பின்னே நகரும். ஆனால் வராமல் இருக்காது.

அவள் புருஷன் போய் ஆறு வருஷம். அச்சகத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர். காலையில் வந்து படுத்தால் மதியத்துக்கு மேல்தான் எழுந்திருப்பார். எழுந்ததும் முதல் வேலையாக டீ போட்டுக்கொண்டு, விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, அவள் வரும்வரை சும்மா இருப்பார். சும்மா இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இந்த நினைப்பை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது, அவருடைய கோப்பையை அலமாரியிலிருந்து எடுத்து, கழுவி, கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அன்று மதியம் கோடு ஏறியபோது அவளுக்கு முதுகு சில்லென்றது. கூடவே, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. வந்து பார்த்தால் கோப்பை காய்ந்து அப்படியே இருந்தது.

மீட்டர் ஆபீசுக்குப் போன் செய்து, ஆளில்லாத வீட்டில் கரண்ட் ஓடுகிறது என்று புகார் சொன்னாள். வந்து பார்க்கிறோம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் லீவு போட்டாள். காலையில் டீச்சரும் கேஷியரும் கிளம்பும் சத்தம் கேட்டது. வெளியே பூட்டுப் போட்டு, அதை இழுத்துப் பார்க்கிற சத்தம். படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. மதியம்வரை சும்மா இருந்தவள், நேரம் நெருங்கியதும் வாசலுக்குப் பக்கத்திலிருந்த மெயினை அணைத்தாள். பிரிட்ஜ் ஒரு முறை குலுங்கி அடங்கியது. அத்தனை வருஷமாக அந்த வீட்டில் இருந்தும், அதன் மௌனத்தை அன்றுதான் அவள் முதன்முதலாகக் கேட்டாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே திரைகளுக்குப் பின்னால் எல்லாம் பழுப்பாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டாள். கோடு உடனுக்குடன் நகராது. சில நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு புள்ளி முன்னால் போகும்.

மெயின் அணைந்த வீட்டில் கோடு தரையில் கிடக்க வேண்டும். அது பால்பற்களாகவே போய்க்கொண்டிருந்தது. பிறகு ஏறியது.

"நீங்களா?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே யாரோ கேட்ட மாதிரி இருந்தது.

பதில் சுவருக்குள்ளிருந்து வந்தது. முதலில் மெல்லிய இரைச்சல். அது வளர்ந்து, குமுறி, உச்சிக்குப் போய், டக் என்று நின்றது. தண்ணீர் கொதித்து கெட்டில் தானாக அணைகிற சத்தம். பிறகு ஸ்பூன் ஒரு கோப்பைக்குள் சுற்றுகிற சத்தம்.

எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். எதிர் வீட்டில் பூட்டு தொங்கியது.

உள்ளே வந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு மீட்டரையும் ஒன்றாகக் கழற்றி ஒன்றாக மாட்டியது மெல்ல ஞாபகம் வந்தது. மெயினைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள். கொஞ்ச நேரம் விட்டு அணைத்தாள். மறுபடி போட்டு, மறுபடி அணைத்தாள். மூன்றாவது முறையும் செய்தாள். போனில் கோடு அதற்கெல்லாம் ஏறவே இல்லை. அப்படியானால் சந்தேகமே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது எதிர் வீட்டை. அவள் வீடு எதிர் வீட்டுக்காரர்களிடம் இருக்கிறது.

டீ போட்டது அவர் இல்லை என்று தெரிந்ததில் நிம்மதி வந்திருக்க வேண்டும். கண்தான் கரித்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தாள்.

கோடு ஏறியிருந்தது. இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஏறி, இறங்கி, மூன்றாவது முறையும் ஏறியது. அவள் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு அணைத்த அதே இடைவெளியில், அதே அகலத்தில். பிறகு நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரியான சத்தமின்மை.

பூட்டின வீட்டுக்குள் ஆள் இருக்கிறது. அந்த ஆள் அவளுடைய கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அன்று அதற்குமேல் அவள் எந்த சுவிட்சையும் தொடவில்லை. இருட்டின பிறகும் லைட் போடாமல் உட்கார்ந்திருந்தாள். லைட் போட்டால் போட்டது தெரியும். போடாவிட்டால் போடாததும் தெரியும் என்று கொஞ்சம் கழித்து உறைத்தது. பிறகு போட்டாள்.

ஒரு வாரம் டீச்சரைக் கண்டால் படியில் ஒதுங்கிப் போனாள். இப்படி ஒளிந்து எத்தனை நாள் ஓட்டுவது? ஒரு சாயங்காலம் டீச்சர் கையில் நோட்டுக் கட்டோடு மேலே ஏறி வரும்போது எதிரே போய் நின்றாள்.

"பையன் எப்படி இருக்கான் டீச்சர்?"

"நல்லா இருக்கான். இப்ப நடுக்கடல்ல இருக்காங்க. சிக்னல் கிடைக்கல."

"டீச்சர், மீட்டர்ல லைன் மாறிப் போச்சு. உங்க வீட்டுக் கோடு என் போன்ல வருது."

டீச்சர் நோட்டுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். மெதுவாகப் படியிலேயே உட்கார்ந்தாள். பல்லக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழ்த்தளத்தில் யாரோ குழாயைத் திறந்து வாளி நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் கப்பல்ல ஏறவே இல்ல" என்றாள் டீச்சர். "கிளம்பறதுக்கு மொத நாள் ரூமுக்குள்ள போனான். பெட்டியெல்லாம் கட்டி வச்சாச்சு. ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. கதவைச் சாத்தினவன் சாத்தினவன்தான். சாப்பாடு வாசல்ல வச்சா எடுத்துப்பான். நாங்க வீட்ல இருக்கறப்ப வெளிய வரமாட்டான். டாக்டர்கிட்ட போலாம்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அவனைப் பூட்டி வைக்கலைங்க. வெளிப்பூட்டு யாரும் வந்து தட்டக்கூடாதுன்னு போடறது. அவன் கேட்டது அது."

"நாலு வருஷமாவா?"

"மூஞ்சியைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆச்சு." நோட்டுக் கட்டை மடியில் இறக்கி வைத்தாள். "நாங்க போனதும் வெளிய வர்றானா இல்லையான்னுகூடத் தெரியாது. எதையாச்சும் தொட்டா திரும்ப அதே இடத்துல வச்சிடறான். சில நாள் உள்ள உசுரோட இருக்கானான்னே..."

"மதியம் டீ போட்டுக்கறான் டீச்சர்" என்றாள் பல்லக்கா. "தினமும். அப்புறம் விசிறியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருக்கான். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அணைச்சிடறான்."

டீச்சர் அவளையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். போனை வாங்கி, கோட்டின்மேல் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினாள். ஒவ்வொரு நாளாக. கெட்டில் ஏறுகிற இடம் வரும்போதெல்லாம் விரல் நின்று போனது. லீவு போட்ட அந்த நாள் வந்ததும், "இது என்ன, மூணு தடவ?" என்று கேட்டாள்.

பல்லக்காவுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "அன்னைக்கு ஏதோ விளையாடியிருக்கான்" என்றாள். டீச்சர் அந்த வார்த்தையைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அன்று இரவு சாப்பாட்டு நேரத்துக்குக் கேஷியர் வந்தார். உள்ளே வரவில்லை.

"அவ எல்லாத்தையும் சொல்லிட்டாளாம்" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அந்த லைன் இப்படியே இருந்துட்டுப் போகட்டும். நீங்க பகல்ல வேலைக்குப் போயிடறீங்க. உங்க கோடுதான் எங்க பேர்ல போகுது. அதைப் பார்த்தா எங்க வீட்ல பகல்ல யாருமே இல்லைன்னு காட்டுது. இந்த மாசம் பூரா அதைப் பார்த்துட்டுத்தான் நான் நிம்மதியா இருந்தேன்."

அவர் மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். அந்த நிதானம்தான் அவளைத் தொந்தரவு செய்தது. வீட்டில் யாருமில்லை என்று காட்டுவதைப் பார்த்து நிம்மதியாக இருந்த மனிதர்.

"அப்ப உங்க பையன் என் பேர்ல இருக்கான் சார்" என்றாள். "எத்தனை நாளைக்கு வச்சுக்கறது?"

கேஷியர் திரும்பிப் போய்விட்டார். அவள் கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் அந்த இடத்திலேயே நின்றாள். லைனைச் சரிசெய்துவிட்டு இந்த மீட்டரையே தானும் வைத்துக்கொள்ளலாம். கெடுதல் ஒன்றுமில்லை. ஆபீசில் யாரும் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை, மீட்டர்க்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவள் பார்த்தாளே. வேண்டுமென்றா பார்த்தாள்? ஒரு கோட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நான்கு வருஷமாக மூடி வைத்திருந்ததை வேலை மேஜையில் உட்கார்ந்தபடியே படித்துவிட்டாள். அவளைப் படித்தவனும் அப்படித்தான் படித்திருப்பான். படிக்கக் கிடைத்தால் யாரும் படிப்பார்கள்.

மீட்டர்க்காரர் வந்த அன்று டீச்சரும் வீட்டில் இருந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்த மீட்டர்க்காரர், "அட, மாத்திக் குடுத்துட்டேனே" என்று தன் மண்டையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். "இப்பச் சரி பண்ணிடறேன். நீங்க என்னம்மா முடிவு பண்ணியிருக்கீங்க? வச்சுக்கறீங்களா?"

"எனக்குப் பழசையே மாட்டிடுங்க."

"இப்பத்தான் எல்லாம் சரியாகப் போகுதே."

"சரியானாலும் வேணாங்க."

"எங்களுக்கு இருக்கட்டும்" என்றாள் டீச்சர், யாரும் கேட்பதற்கு முன்னால். கதவு இந்த முறை கையகலத்தைவிட அதிகமாகத் திறந்திருந்தது. கேஷியரிடம் அவள் என்ன சொன்னாள், அவர் எப்படி ஒத்துக்கொண்டார் என்பது அவர்களுக்குள் நடந்தது. அன்றிலிருந்து டீச்சர் பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும், கேட்பவர்களிடம் கரண்ட் பில் பார்க்கிறேன் என்று சொல்வதாகவும் பிறகு அவளே சொன்னாள்.

பெட்டிக்குள் பல்லக்காவின் பழைய மீட்டர் மறுபடி சுற்றத் தொடங்கியது. அது யாரிடமும் எதையும் சொல்லாது. மதியத்தில் போனைப் பார்க்கிற பழக்கம் மட்டும் சில நாள் போகவில்லை. கை தானாகப் போய் எடுக்கும். காலியான திரையைப் பார்த்துவிட்டு வைப்பாள். "ஆவி போயிடுச்சா?" என்றார் பாலிஷ் போடும் பெரியவர். "வீடு மாறிடுச்சு" என்றாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம். டீச்சர் இன்னும் வந்திருக்கவில்லை. பல்லக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்தாள். பின்னால், மூடியிருந்த எதிர்க் கதவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. வெகுநாள் யாரோடும் பேசாத குரல். முதல் பாதி காற்றாகவே வந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

சாவி பூட்டிலேயே தொங்கியது. திரும்பினாள். கதவு அசையவில்லை. பூட்டு தொங்கியது. குரல் கதவின் அந்தப் பக்கம், அவள் முகத்தின் உயரத்திலேயே, மிகப் பக்கத்தில் இருந்தது.

"மீட்டரைக் கழட்டிட்டேன் தம்பி" என்றாள்.

"தெரியும். எங்க வீட்டுக் கோடு என் போன்லயும் வரும். இப்ப அதுல நான்தான் தெரியறேன். என்னையே பார்த்துட்டிருக்க முடியல" என்றது.

"மத்தவங்களைப் பார்க்கலாமா?"

உள்ளே துணி கதவில் உரசியது. நெற்றியைச் சாய்த்திருப்பான் என்று அவளுக்குப் பட்டது.

"ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க எதையும் போடல" என்றது குரல். "காலையில வெந்நீர் இல்ல. ராத்திரி லைட் இல்ல. அம்மாவும் அப்பாவும் தூங்கினப்புறம் நான் இந்தக் கதவு வரைக்கும் வந்தேன்."

அந்த ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட முடியாமல் நாள் முழுக்கக் கிடந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு போர்வைக்குள் கிடந்தாள். அந்த நேரத்தில் கொஞ்ச தூரத்தில், கதவுக்குப் பின்னால், முகம் தெரியாத ஒருவன் அவளுடைய ஏறாத கோட்டைப் பார்த்துவிட்டு இருட்டில் நின்றிருக்கிறான். இதை எந்தப் பக்கமாக எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கதவைத் திறந்தியா?"

"இல்ல. அதுக்குள்ள நீங்க இருமினீங்க. கேட்டுச்சு. போயிட்டேன்."

என்ன சொன்னாலும் தப்பாகிவிடும் போலிருந்தது. கடைசியில், "நான் வந்தா செருப்புச் சத்தம் கேக்கும்ல? கேட்டா ஏதாச்சும் பேசு. கோடெல்லாம் வேணாம்" என்றாள்.

அதன் பிறகு சில சாயங்காலம் பேசுவான். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. பல நாள் ஒன்றும் வராது. வராத நாளிலும் அவன் கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிகிற நாட்களில் இன்றைக்கும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறாள். டீச்சர் வெளிப்பூட்டுப் போடுவதை நிறுத்தினாள். ஒரு டாக்டர் வந்து அவன் அறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். அவர் பேசினார், உள்ளே இருந்தவன் பேசவில்லை. அடுத்த வாரமும் வந்தார்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் பல்லக்கா படியேறி வந்துகொண்டிருந்தாள். மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம். நெடுநெடுவென்று ஒருவன் குப்பைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். வெயிலே படாத வெளுப்பு. தலைமுடி தோளுக்குக் கீழே. ஒவ்வொரு படியையும் முதலில் காலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மிதித்தான். அவள் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் செருப்பைப் பார்த்தான். கீழே போனான்.

வாசலில் கேஷியர் கீழ்வீட்டுக்காரரோடு நின்று, கப்பல் இப்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். படி வளைவிலிருந்து பல்லக்காவுக்கு எல்லாம் கேட்டது. பேச்சு பாதியில் அறுந்தது. குப்பைத் தொட்டியின் மூடி திறந்து மூடியது.

"யாருங்க அது? புதுசா இருக்கு" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

கேஷியர் தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார்.

"என் பையன்தான்" என்றார். "லீவுல வந்திருக்கான்."